பூசாவும் வேரோடு வந்ததுதான்

வங்கி வேலையில் மாற்றல் ஆர்டர் பெரும்பாலும் கோடையில்தான் வரும். பிள்ளைகள் படிப்புக்கு அது வசதி, ரோஜாச் செடிக்கு ஆகாது! டெல்லியின் மே மாத லூ காற்றில் பத்து வருஷச் செடியைத் தோண்டினால் பிழைப்பது கஷ்டம். "விட்டுட்டுப் போக மனசு வரலை சார், என்ன பண்றது?" என்று குவார்ட்டர்ஸ் காலி செய்யும் நண்பர்கள் கேட்பார்கள். (பி.காம். படித்தவனிடம் செடி வைத்தியம்!) அவர்களுக்கு முதலில் பூசா கதையைச் சொல்வேன்.

கரோல்பாக் பக்கம் போகும் நம்மவர்களுக்குப் பூசா ரோடு தெரியும். ஆனால் பூசா டெல்லிப் பெயரே இல்லை, பீகாரில் உள்ள ஓர் ஊர். 1905-இல் வேளாண் ஆராய்ச்சி நிலையம் அங்கேதான் தொடங்கியது. 1934 ஜனவரி 15 பூகம்பத்தில் கட்டடம் சேதமாக, 1936-இல் டெல்லிக்கு மாற்றினார்கள். தாய்மண்ணோடு செடி வருகிற மாதிரி ஊர்ப் பெயரும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது.

அப்படி இடம் மாறி வந்தவர்களில் ஒருவர் பி.பி. பால். 1906-இல் பஞ்சாபில் பிறந்து, அப்பாவின் டாக்டர் வேலையால் பர்மாவில் வளர்ந்தவர். ரங்கூன், கேம்பிரிட்ஜ் படிப்பு முடித்து 1933-இல் பீகார் பூசாவில் சேர்ந்தார். சம்பளம் கோதுமைக்கு, மனசு ரோஜாவுக்கு! ஜனாதிபதி மாளிகைத் தோட்டத்தில் (2023 முதல் அம்ரித் உத்யான்) மஸ்டோ என்ற ஆங்கிலேயர் 1928-29-லேயே வெளிநாட்டு ரோஜாக்களை நட்டிருந்தார். பால் இந்த மண்ணிலேயே புது ரகங்களை உருவாக்கினார். 'டெல்லி பிரின்சஸ்', 'டாக்டர் ஹோமி பாபா' இரண்டும் அவருடையவை. 1965-இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் டைரக்டர் ஜெனரல் ஆனார். அடுத்த வருஷமே ரோஜாவைப் பற்றிப் புத்தகம் எழுதினார். கோப்புகளுக்கு நடுவே எப்படித்தான் நேரம் கிடைத்ததோ!

இனி உங்கள் செடி. நர்சரி ரோஜா பெரும்பாலும் ஒட்டுச்செடி. வேர் ஒரு ரகம், பூ வேறு ரகம். எந்த ரக வேரில் ஒட்டுவார்கள் என்பது ஊருக்கு ஊர் மாறும். அக்டோபரில் கவாத்து செய்யும்போதே பெயர்ப்பது நல்லது. புதுக் குழியை முன்பே தயார் செய்துவிடுங்கள். கிளைகளைப் பாதியாக வெட்டி, வேரை மண்கட்டியோடு எடுத்துக் கோணிச்சாக்கில் இறுகக் கட்ட வேண்டும். நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேலே இருக்கட்டும். இலையெல்லாம் கொட்டினால் பிடுங்கிவிடாதீர்கள். தண்டை நகத்தால் கீறிப் பாருங்கள், பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது.

மே மாதமே கிளம்புகிறவர்கள் பக்கத்து வீட்டில் சொல்லி வைத்துவிட்டு, அக்டோபரில் ஒரு நடை வந்து எடுத்துப் போங்கள். சென்னைக்கு ரயிலில் முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். சாக்கை வழியில் இரண்டு மூன்று தடவை நனைக்க வேண்டியிருக்கும்.