நிழற்படச் சான்றும் வையை வரலாறும்

ஆறுகளின் பழைய நிலையை இலக்கியத்தாலும் கல்வெட்டாலும் ஆராய்ந்து வரும் நாம், நிழற்படத்தையும் ஒரு சான்றாகக் கொள்ளுதல் வேண்டும். ஆயின் அதன் இயல்பறிந்து கொள்ளுதல் இன்றியமையாதது. இதற்கு வையை தக்க எடுத்துக்காட்டாகும்.

சென்னை மாகாண அரசின் நிழற்படக் கலைஞராக விளங்கிய லின்னேயஸ் டிரைப் என்பார், 1858ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மதுரையைப் படமெடுத்தார். அப்படங்களுள் ஒன்று, வையையையும் அதனைக் கடந்து நகருக்குச் செல்லும் தரைப்பாலத்தையும் காட்டுவது. தரைப்பாலம் பெருவெள்ளத்தில் மூழ்கும் இயல்பினது. அதனையே நகர்க்கு வழியாகக் கொண்டிருந்தனர் எனின், ஆண்டின் பல நாள்களில் ஆறு கடத்தற்கு எளிதாயிருந்தது என்று கருத இடமுண்டு. அக்காலத்தே வைகை அணை எழவில்லை. பெரியாற்று நீரும் வந்திலது. ஆதலின், முன்னாளில் வையை ஆண்டு முழுவதும் நிறைந்தோடியது எனச் சிலர் கூறுவது ஆராய்தற்குரியது.

பரிபாடல் பாடும் புதுப்புனல் பொய்யோ எனின், அன்று. இன்று முழுமையாகக் கிடைக்கும் 22 பாடல்களுள் வையைக்குரியன 8. அவை பெரிதும் வெள்ளம் வந்த நாளைப் பாடுவன. ஆண்டு முழுவதும் ஓடும் ஆற்றில் புனல் வரவு அத்துணைப் பெருவிழாவாதல் அரிது. புலவர் வெள்ள நாளைத் தெரிந்துகொண்டார். படமெடுப்போர் ஒளியும் அமைதியும் வாய்த்த நாளைத் தெரிந்துகொண்டார். இரண்டும் உண்மையே, ஒன்றேனும் ஓராண்டின் முழுநிலை அன்று.

படமும் முற்றும் கண்டவாறே காட்டுவதன்று. டிரைப் பெரும்பான்மையும் மெழுகிட்ட தாள் நெகட்டிவ்களையே கையாண்டார். ஒளி நெடும்பொழுது படவேண்டியிருந்தமையின் அசைவன தெளிவாகப் பதியா. நெகட்டிவ்கள் சிலவற்றில் அவர் வண்ணந்தீட்டி முகில்களையும் தழைகளையும் சேர்த்துள்ளார். எனவே, ஒரு படத்தின் வானைக்கொண்டு பருவம் கூறுதல் பிழைபடும்.

இனி, இற்றைநாள் படத்தை அதனுடன் ஒப்பிடுவோர் இடையில் நிகழ்ந்தனவற்றை மறத்தலாகாது. 1889இல் மதுரையில் ஆல்பர்ட் விக்டர் பாலம் திறக்கப்பெற்றது. 1895இல் பெரியாற்று நீர் மலை குடைந்து வையைப் படுகைக்குத் திருப்பப்பெற்றது. 1959இல் வைகை அணை எழுந்தது. அன்றைய வறட்சி மழையின்மையால் நேர்ந்தது. இன்றைய வறட்சியில் மழையோடு அணையின் நீர் திறப்பு முறைக்கும் பங்குண்டு. நகர்க் கழிவுநீர் கலத்தலும் இருகரையும் சாலைகளால் நெருக்குண்டலும் பிற்காலத்தன. ஆகவே, வையை என்றும் வறண்டதே என்று கூறி இன்றைய சீர்கேட்டை இயற்கையின்மேல் ஏற்றுதலும் பொருந்தாது.

ஒரே இடத்தில், ஒரே திங்களில், பல ஆண்டுகள் தொடர்ந்து எடுக்கும் படங்களே நீர்க்கணக்கோடு வைத்து ஒப்பிடத்தக்கன. அத்தொகுப்பைத் தொடங்குதல் நம் ஆய்வாளர்தம் கடனாகும்.