பட்டு அந்துப்பூச்சியும் பழ ஈயும்

கூட்டிலிருந்து வெளிவரும் ஆண் பட்டு அந்துப்பூச்சி தின்பதும் இல்லை, பறப்பதும் இல்லை. சில நாள் ஆயுளில் அதற்கு இருப்பது ஒரே வேலை: பெண்ணைத் தேடிச் சேர்வது. வழிகாட்டுவது போம்பிகோல் என்ற வேதிப்பொருள். பெண் தன் வயிற்று நுனிச் சுரப்பியிலிருந்து அதைக் காற்றில் விடுகிறது. இதைத் தூய வடிவில் பிரிக்க வேதியியலாளர் அடோல்ஃப் புடேனாண்ட் குழுவினர் ஏறத்தாழ 20 ஆண்டுகள் உழைத்தனர். சுமார் 5 லட்சம் பெண்பூச்சிகளின் சுரப்பிகள் தேவைப்பட்டன. 1959இல் முடிவு வெளியானது.

ஆணின் உணர்கொம்புகள் சீப்புப் பற்கள்போல் விரிந்தவை. அவற்றில் ஆயிரக்கணக்கான நுண்மயிர்கள். மயிரின் துளைவழி நுழையும் போம்பிகோலை ஒரு புரதம் ஏந்திச் சென்று நரம்பு செல்லின் ஏற்பியில் சேர்க்கிறது. ஒற்றை மூலக்கூறு பட்டாலே செல் துடித்துவிடும். அப்படிச் சில நூறு துடிப்புகள் சேர்ந்தால் போதும், பூச்சி படபடவெனச் சிறகடித்து வளைந்து வளைந்து நடக்கத் தொடங்கும். வேடிக்கை என்னவென்றால், பெண்ணின் உணர்கொம்பு இந்த வாசனையை உணர்வதே இல்லை.

வாழைப்பழத்தை மொய்க்கும் பழ ஈக்கு இவ்வளவு பாடு கிடையாது. ஆணும் பெண்ணும் ஒரே பழத்தில்தான் கூடுகின்றன. ஆண் ஈ முன்னங்காலால் பெண்ணின் வயிற்றைத் தட்டும். தோலில் படிந்த மெழுகுப்பொருளைக் காலிலுள்ள சுவைமயிர்கள் அறியும். இனம் சரியென்றால் ஒரு சிறகை நீட்டி அதிரவைத்துப் பாடும். மூக்குக்கு இங்கே வேறு வேலை. ஆண் ஈக்கள் சுரக்கும் சிவிஏ என்ற பொருள் புணர்ச்சியின்போது பெண்மேல் ஒட்டிக்கொள்கிறது. அடுத்து வரும் ஆண், உணர்கொம்பிலுள்ள ஓஆர்67டி ஏற்பியால் அதை முகர்ந்ததும் ஆர்வம் இழக்கிறது. இந்த ஏற்பி இல்லாத ஆண்கள் மற்ற ஆண்களையே துரத்துகின்றன. அதே சிவிஏ பெண் ஈயை இணங்கவைக்கிறது!

ஆகவே போம்பிகோலைக் 'காதல் வாசனை' என்பது பாதி உண்மைதான் என்பேன்; ஒரு பொருள் என்ன செய்யவைக்கும் என்பது, அதை எந்த நரம்பு செல் உணர்கிறது என்பதைப் பொறுத்தது. ஜப்பானிய ஆய்வாளர்கள், முட்டைக்கோசைத் தின்னும் வைரமுதுகு அந்துப்பூச்சியின் ஏற்பியைப் பட்டு அந்துப்பூச்சியில் போம்பிகோலை உணரும் அதே நரம்பு செல்களில் பொருத்தினார்கள். ஆண் பட்டுப்பூச்சி உடனே அந்த வேற்றினப் பெண்ணை நாடியது. 2007இல் வியன்னாவில் ஆய்வாளர் பாரி டிக்சன் குழுவினர் செய்தது இன்னும் துணிச்சலானது: பழ ஈயின் ஓஆர்67டியை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் பட்டு அந்துப்பூச்சியின் ஏற்பியை வைத்தார்கள். அந்த ஈக்கள் போம்பிகோலைச் சிவிஏ என்றே எடுத்துக்கொண்டன. பட்டுப்பூச்சியைச் சிறகடிக்க வைக்கும் அதே பொருள், ஆண் ஈயின் காதலாட்டத்தை அடக்கியது.