அணு ஆயுத விபத்து அபாயத்தை ஆராயும் அரசியல் அறிஞர் ஸ்காட் சேகன்

அணு ஆயுதங்களைக் கையாளும் அமைப்புகள் ஒருபோதும் தவறு செய்யாது என்ற நம்பிக்கையைத் தொடர்ந்து கேள்விக்கு உட்படுத்தி வருபவர் அமெரிக்க அரசியல் அறிவியல் பேராசிரியர் ஸ்காட் சேகன்.

ஓபர்லின் கல்லூரியில் பட்டம் பெற்ற அவர், 1983-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகனில் சிறிது காலம் பணியாற்றிய பின், 1987-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

அணு ஆயுதம் பல நாடுகளிடம் இருந்தால், பதிலடிக்கு அஞ்சிப் போர் தவிர்க்கப்படும் என்று வாதிட்டவர் கென்னத் வால்ட்ஸ். ஆயுதங்களைக் கையாள்வது பிழை செய்யக்கூடிய ராணுவ அமைப்புகளே என்பது சேகனின் மறுப்பு. இருவரின் வாதங்களும் 1995-இல் ஒரே நூலாக வெளியாகின. பின்வந்த பதிப்புகளில் இந்தியா-பாகிஸ்தான் உறவும் விவாதிக்கப்பட்டது.

தமது மறுப்புக்கான சான்றுகளை அவர் 1993-இல் வெளியான 'பாதுகாப்பின் எல்லைகள்' என்னும் நூலில் ஏற்கெனவே தொகுத்திருந்தார். கியூபா ஏவுகணை நெருக்கடி நிலவிய 1962 அக்டோபர் 25 நள்ளிரவில், மின்னசோட்டா மாகாணத்தின் டுலூத் ராணுவத் தளத்தின் வேலியில் ஓர் உருவம் ஏறுவதைக் கண்ட காவலர், அதை நோக்கிச் சுட்டு எச்சரிக்கை மணியை ஒலிக்கச் செய்தார். அண்டை மாகாணமான விஸ்கான்சினின் வோல்க் விமானத் தளத்தில் மின் இணைப்பு தவறாக இருந்ததால், போர் தொடங்கியதற்கான மணி ஒலித்தது. அணு ஆயுதம் தாங்கிய விமானங்கள் புறப்பட ஆயத்தமாயின. அதிகாரி ஒருவர் ஓடுபாதையில் காரைச் செலுத்தி, விளக்குகளை மின்னச் செய்து அவற்றைத் தடுத்தார். வேலியில் ஏறியது ஒரு கரடி.

நாடுகள் அணுகுண்டு தயாரிப்பதற்குப் பாதுகாப்பு அச்சுறுத்தல் மட்டுமன்றி, உள்நாட்டு அரசியலும் சர்வதேச மதிப்பும் காரணமாகலாம் என்பது அவரது மற்றொரு முக்கியக் கருத்து. 1974-ஆம் ஆண்டின் பொக்ரான் சோதனையை அவர் உள்நாட்டு அரசியலுக்கு எடுத்துக்காட்டாகக் குறிப்பிட்டார்.

பெஞ்சமின் வாலென்டினோவுடன் இணைந்து 2017-இல் அவர் வெளியிட்ட ஆய்வு, மக்களின் மனநிலை பற்றியது. 20,000 அமெரிக்க வீரர்களைக் காப்பாற்ற, 20 லட்சம் ஈரானியப் பொதுமக்களைக் கொல்லும் அணுகுண்டுத் தாக்குதல் என்ற கற்பனைச் சூழலை, அமெரிக்கர்களில் ஏறத்தாழ 60 சதவீதத்தினர் ஏற்பதாகத் தெரிவித்தனர்.

சேகன் சுட்டிக்காட்டும் அபாயம் தெற்காசியாவுக்கும் அந்நியமானதல்ல. 2022 மார்ச் 9-இல் இந்திய பிரம்மோஸ் ஏவுகணை ஒன்று தவறுதலாகப் பாய்ந்து, பாகிஸ்தானின் மியான் சன்னு அருகே விழுந்தது. உயிர்ச்சேதம் இல்லை. வகுக்கப்பட்ட செயல்முறை மீறப்பட்டதே காரணம் என விசாரணையில் தெரியவந்ததையடுத்து, விமானப்படை அதிகாரிகள் மூவர் பணிநீக்கம் செய்யப்பட்டனர்.