சதுரங்கப்பட்டினத்துச் சந்தடி

நெம்மேலிக் கடற்கரையில் நிற்கிறவனுக்கு வடக்கே கோவளமும், தெற்கே மாமல்லபுரத்தைத் தாண்டிச் சதுரங்கப்பட்டினமும் இருக்கின்றன என்பது இந்தப் பிரதேசத்துப் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த பூகோளம். ஆனால் அவ்விரண்டு சிற்றூர்களின் பெயர்களும் ஒரு காலத்தில் வியன்னாவிலும் ஆம்ஸ்டர்டாமிலும் பாரிஸிலும் லண்டனிலும் பெரிய மனிதர்களின் வாயில் அடிபட்டன என்பதும், அவற்றை முன்னிட்டுக் கடிதங்கள் போயின, கப்பல்கள் வந்தன, சில வேளைகளில் பீரங்கிகளும் முழங்கின என்பதும் நம்மில் அநேகருக்குத் தெரியாத சரித்திரம். சென்னையிலிருந்து வருகிற யாத்திரிகர்கள் பல்லவர் கோயில்களைப் பார்த்து, மீன் வறுவல் தின்று, கல்லில் செதுக்கிய யானை ஒன்றைப் பேரம் பேசி வாங்கிக்கொண்டு மாமல்லபுரத்தோடு திரும்பிவிடுகிறார்கள். இன்னும் சிறிது தூரம் தெற்கே போனால், கல்பாக்கம் அணுமின் நகரியத்தை ஒட்டினாற்போல், வெளிநாட்டார் சத்ராஸ் என்று எழுதிவைத்த சதுரங்கப்பட்டினம் வரும்.

அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டால், ஊரார் கடலைப் பார்த்து நிற்கும் செங்கல் கோட்டையைக் காட்டுவார்கள். தொல்பொருள் துறையின் பாதுகாப்பிலிருக்கும் அந்தக் கோட்டைக்குள் பாழடைந்த தானியக் கிடங்குகளும், தரையோடு தரையாகச் சரிந்த சுவர்களும், ஒரு சிறு மயானமும் இருக்கின்றன. மயானத்துக் கற்பலகைகளில் கேடயச் சின்னங்களும் பூவேலைகளும், செதுக்கியவனின் கை இன்னும் தெரிகிற நுட்பத்தோடு இருப்பதைக் கண்டு, இத்தனை அருமையான வேலையை இந்தச் சந்தடியற்ற மூலையில் யாருக்காகச் செய்தார்கள் என்று வியக்காதவர் இரார். கோட்டை மதிலுக்கு வெளியே படகுகளும் வலைகளும், ஒன்றிரண்டு தேநீர்க் கடைகளும், வெயிலும், கடல் இரைச்சலும். சிற்றூரின் அமைதியைத் தேடிப் போகிறவர்களுக்கு இது மிகவும் திருப்தியான இடம். ஆனால் இவ்வூர் ஆதிமுதலே இப்படி ஓய்ந்து கிடந்தது என்று எண்ணிவிடலாகாது. இந்த அமைதி அதற்கு இடையில் நேர்ந்த கதி.

முதலில் கவனிக்க வேண்டிய விஷயம், இந்தக் கரையில் துறைமுகமே கிடையாது என்பது. வளைகுடாவோ, மறைவான முகத்துவாரமோ இல்லாமல், அலை நேரே வந்து மோதுகிற திறந்த கரை இது. கப்பல்கள் தூரத்தில் ஆழ்நீரில் நங்கூரம் பாய்ச்சி நிற்க, ஆணி இல்லாமல் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகள்தாம் சரக்கையும் மனிதர்களையும் அலைகளின் மேலாகக் கொண்டுபோய்ச் சேர்த்தன. அலை எடுத்தடிக்கும்போது ஆணி அடித்த படகு பிளந்துபோகும், தைத்த படகு நெகிழ்ந்து கொடுக்கும் என்பது கரையோரத்தார் தலைமுறை தலைமுறையாகக் கண்ட அநுபவம். புரட்டாசி, ஐப்பசியில் பருவக்காற்று திரும்பி, கார்த்திகையில் புயல் மிரட்டும் மாதங்களில் கப்பல்காரர்கள் இந்தக் கரையையே விட்டு ஓடிவிடுவார்கள். அப்படியிருந்தும் டச்சுக்காரராகிய ஒல்லாந்தர் பதினேழாம் நூற்றாண்டில் இங்கே வந்து பண்டகசாலை வைத்து, பின்பு கோட்டையும் கட்டிக்கொண்டார்கள் என்றால், அவர்களை இழுத்தது கடலன்று, கரைக்குப் பின்னாலிருந்த கிராமங்கள்.

அந்தக் கிராமங்களில் தறிகள் இருந்தன. ஒல்லாந்தருக்கு உண்மையில் வேண்டியிருந்தது கிராம்பும் சாதிக்காயும் சாதிப்பத்திரியும். அவை விளைந்ததோ இந்தோனேசியத் தீவுகளில். அத்தீவுகளின் ஜனங்கள் தங்கள் வாசனைப் பண்டங்களுக்குப் பதிலாக வாங்க விரும்பியவற்றில் முதன்மையானது சோழமண்டலக் கரையின் துணி. ஆகவே ஐரோப்பாவிலிருந்து வெள்ளியைக் கொண்டுவந்து இங்கே கொடுத்துத் துணி வாங்கி, துணியை அங்கே கொடுத்து வாசனைப் பண்டம் வாங்கி, அதை ஆம்ஸ்டர்டாமில் கொள்ளை லாபத்துக்கு விற்பது அவர்களுடைய வர்த்தக தந்திரமாயிற்று. 1613-ல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியதும், 1658-ல் போர்த்துக்கீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பறித்ததும், 1690-ல் கரையின் தலைமையிடத்தை அங்கே மாற்றியதும் எல்லாம் இந்தத் துணியை முன்னிட்டே. பழவேற்காட்டுக்கும் நாகைக்கும் நடுவே, நல்ல மெல்லிய துணிக்குப் பேர்போன பிராந்தியத்தின் வாசலாக, சதுரங்கப்பட்டினம் அமைந்தது.

ஒரு சாயத்துணி கப்பலேறுவதற்கு முன்னால் எத்தனை கைகளைக் கடந்தது என்று எண்ணிப் பார்த்தால் அன்றைய சந்தடி ஒருவாறு விளங்கும். நூல் நூற்ற பெண்கள், பாவு ஓட்டியவர்கள், கைக்கோளர் முதலிய நெசவாளர், கடலோர மணலில் விளைந்த சாயவேரைத் தோண்டி எடுத்தவர்கள், அதைக்கொண்டு சிவப்புத் தோய்த்தவர்கள், துணியை வெளுத்துக் கஞ்சி போட்டு மடித்தவர்கள், பொதி கட்டியவர்கள், வண்டியோட்டிகள், கடைசியில் மசூலாப் படகின் துடுப்புக்காரர்கள். இவர்கள் எல்லாருக்கும் மேலே வர்த்தகர்களும் தரகர்களும் நின்று ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் முன்பணம் வாங்கி, அதை நெசவாளருக்குப் பகிர்ந்து, நீளமும் அகலமும் இழையும் குறையாமல் இத்தனை துண்டுகள் இன்ன மாதத்துக்குள் என்று ஒப்பந்தம் பேசினார்கள். முன்பணம் வாங்கியவன் கடனாளி. கடனாளியின் தறி அவனுடையதாக இருந்தாலும் அதில் ஏறுகிற பாவு அவனுடையதன்று. ஒல்லாந்தர் பெரிய கொடுங்கோலர் என்றோ, தயாளர் என்றோ சொல்லுவதற்கு எனக்கு விருப்பமில்லை. அவர்கள் கணக்கர்கள், கணக்கருக்குரிய கடுமையும் ஒழுங்கும் அவர்களிடம் இருந்தன.

வேலையற்ற நாட்களில் இந்தக் கணக்கர்கள் உள்நாட்டுக்குள் உல்லாசப் பிரயாணம் போனார்கள். திருக்கழுக்குன்றத்து மலையில், பல்லவர் குடைந்த ஒருகல் மண்டபத்தின் சுவரில், பதினேழாம் நூற்றாண்டு ஒல்லாந்தர் சிலர் தங்கள் பெயர்களை உளியால் வெட்டிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். உச்சிவேளையில் சர்க்கரைப்பொங்கல் உண்ண அக்காலத்தில் வந்துகொண்டிருந்த கழுகுகளின் பிரசித்தி சீமையிலிருந்து வந்தவர்களையும் மலையேற வைத்தது போலும். கோயில் சுவரில் பெயர் கிறுக்குகிற நம் காலத்து வாலிபர்களை நாம் கடிந்துகொள்ளும்போது, இந்தத் துர்ப்பழக்கத்துக்கு முந்நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பரம்பரை உண்டு என்பதையும் ஞாபகத்தில் வைக்கலாம்.

இதற்குள் வடக்கே கோவளத்திலும் ஒரு வேடிக்கை நடந்தது. ஆஸ்திரியாவை ஆண்ட சக்கரவர்த்தி ஆறாம் சார்லஸின் சாசனத்தின்பேரில் 1722-ல் ஏற்பட்ட ஆஸ்டெண்டு கம்பெனிக்குச் சோழமண்டலக் கரையில் கிடைத்த ஸ்தானம் கோவளமே. சீனத்துக் காண்டன் துறைமுகத்தில் தேயிலை வாங்கி விற்பதில் அந்தக் கம்பெனி கொழுத்த லாபம் கண்டதால் இங்கிலீஷ்காரருக்கும் ஒல்லாந்தருக்கும் பொறாமை மூண்டது. தம் மகள் மரியா தெரேசாவின் பட்டத்துரிமையைப் பிற தேசத்தார் அங்கீகரிக்க வேண்டும் என்ற கவலையிலிருந்த சக்கரவர்த்தி, 1727-ல் கம்பெனியை நிறுத்திவைக்கவும், 1731-ல் அறவே கைவிடவும் இசைந்தார். ஒரு ராஜகுமாரியின் சிம்மாசனத்துக்காகக் கோவளத்துப் பண்டகசாலை விலையாயிற்று.

பிறகு அதே ஊரில் ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீன் கட்டிய கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்கள் 1750-ல் தந்திரமாகப் பிடித்தார்கள். கப்பலில் நோயாளிகள் இருக்கிறார்கள், கரையில் இளைப்பாற இடம் வேண்டும் என்று கெஞ்சி உள்ளே நுழைந்த 'நோயாளிகள்' ஆயுதபாணிகளாக எழுந்தார்களாம். 1752-ல் இங்கிலீஷ் தளபதி கிளைவ், அப்போதுதான் கப்பலிலிருந்து இறங்கிய இருநூறு வெள்ளைக்காரரையும் புதிதாகச் சேர்த்த ஐந்நூறு சிப்பாய்களையும் கூட்டிக்கொண்டு அதைப் பிடிக்கப் போனார். கோட்டையிலிருந்து வந்த முதல் குண்டுக்கு ஒருவன் சாக, மற்றவர்கள் திரும்பி ஓடினார்கள். காவலுக்கு நின்ற ஒருவனைப் பின்னர்க் கிணற்றுக்குள்ளிருந்து கண்டெடுத்தார்கள் என்றும் சொல்லுவர். அத்தகைய படையைக் கொண்டே கிளைவ் கோவளத்தையும், உடனே செங்கற்பட்டையும் வாங்கிவிட்டார் என்பதால், எதிர்த்து நின்றவர்களின் யோக்கியதையும் ஒருவாறு ஊகிக்கலாம். அந்தக் கோட்டை தகர்க்கப்பட்டது. இன்று அவ்விடத்தில் செல்வந்தர்கள் ஓய்வெடுக்கும் விடுதி இருக்கிறது.

இங்கிலீஷ்காரரும் பிரெஞ்சுக்காரரும் இப்படி மோதிக்கொண்டபோது, இருவருக்கும் பொதுவான இடமாக அகப்பட்டது ஒல்லாந்தரின் சதுரங்கப்பட்டினம். 1754 ஜனவரியில் சமாதானம் பேசுவதற்கு இரு தரப்புப் பிரதிநிதிகளும் இங்கே கூடினார்கள். இங்கிலீஷ் தரப்பில் வந்தவர்கள் பாக் என்பவரும் வான்சிட்டார்ட் என்பவரும். முன்னவர் பின்னாளில் சென்னையின் கவர்னரானார். நமக்கும் இலங்கைக்கும் நடுவேயுள்ள பாக் ஜலசந்தி அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. பின்னவர் வங்காளத்தின் கவர்னரானார். புதுச்சேரியிலிருந்து வந்தவர்கள், நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கம் பிள்ளையின் எஜமானராகிய பிரெஞ்சுக் கவர்னர் டூப்ளேயின் மனிதர்கள். ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலியே என்று இங்கிலீஷ்காரர் சாதிக்க, தக்காணத்து சுபேதாரும் டில்லிப் பாதுஷாவும் டூப்ளேக்குக் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட சன்னதுகளைப் பிரெஞ்சுக்காரர் எடுத்து நீட்ட, அவை பொய்ப் பத்திரங்கள் என்று இங்கிலீஷ்காரர் சொல்ல, பேச்சு முறிந்தது. அவ்வருஷமே டூப்ளே திரும்ப அழைக்கப்பட்டுக் கப்பலேறினார். அதற்கு இந்த முறிவு ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் தென்னிந்தியாவில் பிரெஞ்சு ராஜ்யம் என்ற கனவு கலையத் தொடங்கிய இடங்களில் இந்தக் கோட்டையும் ஒன்று என்பது என் அபிப்பிராயம்.

ஊரின் நல்ல காலம் முடிந்தது இன்னும் இருபத்தாறு வருஷம் கழித்து. 1780 ஆடி மாதத்தில் மைசூர் ஹைதர் அலியின் சேனை கணவாய் வழியாக ஆர்க்காட்டு நவாபின் கர்நாடக தேசத்துக்குள் இறங்கி, சென்னையைச் சுற்றிலும் கிராமங்களை எரித்துப் பாழாக்கியபோது தறிகளும் போயின, தறிகாரர்களும் சிதறினார்கள். ஐரோப்பாவில் இங்கிலீஷ்காரருக்கும் ஒல்லாந்தருக்கும் யுத்தம் மூண்டதன் விளைவாக, 1781-ல் சதுரங்கப்பட்டினம் இங்கிலீஷ்காரர் வசமாயிற்று. அப்போது ஒல்லாந்தக் கம்பெனி உத்தியோகத்தில் இங்கிருந்த யாக்கோப் ஹாஃப்னர் என்ற இளைஞரும் கைதியாகிச் சென்னைக்குக் கொண்டுபோகப்பட்டார். ஜெர்மனியின் ஹாலே நகரில் 1754-ல் பிறந்து, கப்பல் பையனாக அலைந்து, இந்தக் கரையை மனதார நேசித்தவர் அவர். சென்னைத் தெருக்களில் பஞ்சத்தால் ஜனங்கள் மடிவதைக் கண்ணால் கண்டு, ஐரோப்பியரின் பேராசையைச் சிறிதும் தாட்சணியமின்றிப் பிற்காலத்தில் புத்தகங்களில் எழுதினார். 1809-ல் ஆம்ஸ்டர்டாமில் இறந்த பின், அவர் டச்சில் எழுதிவைத்த ராமாயணம் 1823-ல் அச்சேறிற்று. இந்த ஊருக்கு வந்து போன ஐரோப்பியருள் ஒருவரைப் பற்றி நாம் அக்கறையோடு தெரிந்துகொள்ள வேண்டுமானால் ஹாஃப்னரைத்தான் சொல்லுவேன். கிளைவைப் பற்றிப் போதுமான அளவு படித்தாயிற்று.

1782 பிப்ரவரி 17-ம் தேதி, பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுஃப்ரேனும் இங்கிலீஷ் தளபதி எட்வர்டு ஹியூஸும் இந்தக் கரைக்கு எதிரே கடலில் பொருதினார்கள். ஹியூஸிடம் ஒன்பது பெருங்கப்பல்கள். சுஃப்ரேனிடம் அதற்கு மேல் இருந்தும், அவருடைய காப்டன்மாரில் பலர் சொன்னபடி கேளாததால் வெற்றி கைநழுவிற்று. பொழுது சாய்ந்ததும் இரு தரப்பும் விலகிப்போயின. அவ்விருவரும் நடத்திய ஐந்து சமர்களில் முதலாவது இது. கடற்படைச் சரித்திரம் எழுதுகிறவர்கள் இன்றும் இதைச் சத்ராஸ் சண்டை என்றே குறிப்பிடுகிறார்கள்.

அதன் பிறகு நடந்தவை கைமாற்றங்களே. சமாதானம் வந்தபோது ஊர் ஒல்லாந்தருக்குத் திரும்பிற்று. 1795-ல் மறுபடி போயிற்று. 1818-ல் மறுபடி கிடைத்தது. 1824-ல் லண்டனில் கையெழுத்தான உடன்படிக்கையில், சுமாத்திராவிலிருந்த பெங்கூலனை வாங்கிக்கொண்டு, இந்தியாவிலிருந்த எல்லா இடங்களையும் ஒல்லாந்தர் விட்டுக்கொடுத்ததோடு முடிந்தது. ஆள்வோரில்லாமல் ஊர் செத்துவிடவில்லை, வாங்குவோரில்லாமல் செத்தது. இங்கிலீஷ்காரருக்கு வேண்டியதெல்லாம் சென்னையிலேயே இருந்தது. மான்செஸ்டர் துணி வந்திறங்கிய பிறகு கைத்தறித் துணியைக் கப்பலேற்ற ஒருவருக்கும் அவசியமில்லை. பக்கிங்ஹாம் கால்வாயில் படகுகள் உப்பும் விறகும் சுமந்து, நெம்மேலிக்கு மேற்கே ஊர்ந்து வடக்கு நோக்கிப் போயின. வரவர எல்லாச் சரக்கும் போய்ச் சேருகிற ஒரே இடமாகச் சென்னை ஆகிவிட்டது. இப்பொழுது அந்தப் பட்டணத்துக்கு இந்தக் கரையிலிருந்து போகிறது குடிநீர்: நெம்மேலியில் கடல்நீரை உப்பு நீக்கும் ஆலை ஒன்று நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் கொடுப்பதற்காக 2013-லும், அதனருகே பதினைந்து கோடி லிட்டருக்கு மற்றொன்று 2024-லும் தொடங்கப்பட்டன.

சதுரங்கப்பட்டினத்து மயானத்தில் கம்பெனிக்காரர்களின் பெயரும் பதவியும் பிறந்த ஊரும் கல்லில் இருக்கின்றன. அவர்களுக்கு நெய்து கொடுத்தவர்களில் ஒருவர் பெயரையேனும் கோட்டைக்குள் காணோம். ஆனால் கம்பெனியின் கணக்குகளும் கடிதங்களும் நெதர்லாந்தின் தி ஹேக் நகரத்து ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. முன்பணம் கொடுத்தவன், யாருக்குக் கொடுத்தோம் என்று எழுதிவைக்காமல் இருப்பானா? பழைய டச்சு எழுத்தைப் படிக்கவும், அதில் உருமாறிக் கிடக்கும் தமிழ்ப் பெயர்களை அடையாளம் காணவும் தெரிந்த இளைஞர் ஒருவர், செங்கற்பட்டுச் சீமையிலிருந்தே புறப்பட்டுப் போய் அந்த ஏடுகளைப் புரட்ட வேண்டும். சர்க்காரோ சர்வகலாசாலையோ அதற்கு வேண்டிய உபகாரச் சம்பளத்தைக் கொடுத்தால் பணம் வீண் போகாது.