குறைந்தது கொழுப்பா, தசையா? எடைக்குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு ஸ்கேன் சொல்லும் கணக்கு!

திருவிடைமருதூர் பக்கம் அறுவடை நேரத்தில் நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போயிருக்கிறீர்களா? மூட்டையின் எடையை மட்டும் பார்த்து வாங்க மாட்டார்கள். ஈரப்பதம் 17 சதவிகிதத்தைத் தாண்டுகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்ப்பார்கள். உடம்புக்கும் இதே கணக்குதான்.

பேரியாட்ரிக் சர்ஜரி எனப்படும் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவர், ''மூணே மாசத்துல 20 கிலோ குறைஞ்சுட்டேன்'' என்றால் சந்தோஷம்தான். ஆனால், அந்த 20 கிலோவும் கொழுப்பு அல்ல. தசையும் நீரும் சேர்ந்தே போயிருக்கும். தசை இழப்பு முதல் சில மாதங்களில்தான் அதிகம். அதைக் கவனிக்காவிட்டால், உடல் இளைத்தும் தெம்பு இருக்காது.

பி.எம்.ஐ மட்டும் போதாதா?

போதாது. புனே மருத்துவர் யாஜ்னிக், லண்டன் மருத்துவர் யுட்கின் இருவருக்கும் பி.எம்.ஐ 22.3தான். ஆனால் உடல் கொழுப்பு, யுட்கினுக்கு 9.1 சதவிகிதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவிகிதம்! 2004-ல் 'லான்செட்' இதழில் இது வெளியானது. இந்தியர்கள் ஒல்லியாகத் தெரிந்தாலும் உள்ளே கொழுப்பு அதிகம் இருக்கலாம் என்பதற்கு இன்றும் சொல்லப்படும் உதாரணம் இது.

எந்த ஸ்கேன், எதற்கு?

டெக்ஸா: எலும்பு அடர்த்தி பார்க்கும் அதே மெஷின்தான். முழு உடலையும் ஸ்கேன் செய்தால் கொழுப்பு, தசை, எலும்பு மூன்றையும் பிரித்துச் சொல்லும். கதிர்வீச்சு மிகக் குறைவு. மேஜைக்கு எடை வரம்பு உண்டு என்பதால் முன்பே கேட்டுவிடுங்கள்.

எம்.ஆர்.ஐ: குடலைச் சுற்றியுள்ள கொழுப்பையும் கல்லீரல் கொழுப்பையும் துல்லியமாக அளக்கும். கதிர்வீச்சு கிடையாது, செலவு அதிகம்.

சி.டி: வயிற்றுக் கொழுப்பைத் தெளிவாகக் காட்டும். கதிர்வீச்சு அதிகம் என்பதால், கொழுப்பை அளக்க மட்டும் அடிக்கடி எடுப்பது சரியல்ல.

வீட்டில் இருக்கும் ஸ்மார்ட் எடை மெஷின்? உடலில் உள்ள நீரை வைத்துக் கணக்குப் போடுவதால், தண்ணீர் குடிப்பதைப் பொறுத்தே எண் மாறலாம்.

கவனிக்க வேண்டியவை

ஆபரேஷனுக்கு முன்பே ஒரு ஸ்கேன் எடுத்தால்தான் பிறகு ஒப்பிட முடியும். முடிந்தவரை அதே மெஷினில், அதே நேரத்தில் எடுங்கள். எப்போது, எத்தனை முறை என்பதை உங்கள் மருத்துவர் முடிவு செய்யட்டும். தசை குறைவதாக ரிப்போர்ட் வந்தால் பயப்படாதீர்கள். புரதத்தின் அளவையும் தசைப் பயிற்சியையும் டயட்டீஷியன், மருத்துவரிடம் பேசி மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்த செக்கப்பில், 'எத்தனை கிலோ குறைஞ்சிருக்கு?' என்பதோடு, 'அதுல கொழுப்பு எவ்வளவு டாக்டர்?' என்றும் கேளுங்கள்.