காத்திருக்கத் தெரியாத இயந்திரங்கள்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னை ஒரு தொழிற்சாலைக்கு அனுப்பினார்கள். பேக்கிங் லைன் ஒன்று வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை காரணமே இல்லாமல் நின்றுவிடுகிறது. “மெஷின்ல ஒண்ணும் இல்ல தம்பி, ஆபரேட்டர்தான் எதையாவது அமுக்கிடுறான்” என்றார் சூப்பர்வைசர். அந்த ஆபரேட்டர் அண்ணனுக்கு ஏற்கெனவே ஒரு மெமோ போயிருந்தது.

கேபினெட்டைத் திறந்தேன். உள்ளே பிசி/104 அட்டைகள், இட்லித் தட்டு மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக. 1992இல் தரமான வடிவம் இது. ஒவ்வொன்றும் 90க்கு 96 மில்லிமீட்டர், 104 பின்கள். பெயரே அதிலிருந்து வந்ததுதான். மேசைக் கணினியில் ஸ்லாட்டில் செருகும் கார்டு தொழிற்சாலை அதிர்வில் கழன்றுவிடும். இதில் அடுக்கி, நான்கு மூலையிலும் ஸ்க்ரூ போட்டு முடுக்கிவிட்டால் அசையாது. என்ன வேண்டுமோ அந்த அட்டையைச் சேர்த்துக்கொள்ளலாம். இங்கே ஒன்று பிராசஸர், ஒன்று சென்சார்களுக்கு, மேலே இருந்தது ஈதர்நெட். அதிலிருந்து ஒரு வயர் 10 மெகாபிட் ஹப்புக்குப் போனது. அதே ஹப்பில் ஆபீஸ் கணினிகளும் இருந்தன.

இந்த ஈதர்நெட்டின் பூர்வீகம் தொழிற்சாலை இல்லை, கடல். ஹவாய்த் தீவுகளில் சிதறிக் கிடந்த கணினிகளை ரேடியோவில் இணைக்க, நார்மன் ஆப்ராம்சன் குழு 1971இல் அலோகாநெட்டை இயக்கியது. அதன் விதி ரொம்ப எளிமை: பேச வேண்டுமா, பேசு. இன்னொருவர் பேச்சோடு மோதிவிட்டால் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பப் பேசு. மோதல்களிலேயே நேரம் வீணாகி, அலைவரிசையில் அதிகபட்சம் 18 சதவீதம்தான் பயன்பட்டது.

கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் இருந்த பாப் மெட்காஃப் இதைக் கேபிளுக்குள் கொண்டுவந்தார். 1973 மே மாதம் எழுதிய குறிப்பில் அதற்கு ஈதர் என்று பெயர் வைத்தார். ஒளி பயணிக்க ஈதர் என்ற ஊடகம் வேண்டும் என்று 19ஆம் நூற்றாண்டு நம்பியது; இல்லாத அந்தப் பொருளின் பெயர் நிஜ வயருக்கு வந்து சேர்ந்தது. டேவிட் பாக்ஸோடு சேர்ந்து அவர் கட்டிய முதல் வலையின் வேகம் 2.94 மெகாபிட். அலோகாவைவிட இது நாகரிகமானது: பேசுமுன் கேட்கும், மோதினால் உடனே நிறுத்தும், குத்துமதிப்பாக ஒரு நேரம் காத்திருக்கும். திரும்பத் திரும்ப மோதினால் காத்திருப்பின் எல்லை இரட்டிப்பாகிக்கொண்டே போகும். 10 மெகாபிட்டில் ஒரு தடவைக்கு 52 மில்லிவினாடி வரைகூட ஆகலாம். 16 தடவை மோதினால் செய்தியையே கைவிட்டுவிடும்.

ஆபீஸில் இது பிரச்சினையே இல்லை. பிரிண்ட் அரை நொடி தாமதமானால் யாருக்கு நஷ்டம்? ஓடும் பெல்ட்டில் கத்தி இறங்க வேண்டிய நேரத்தில் அப்படிச் சொல்ல முடியாது. அதனால்தான் தொழிற்சாலைக்காரர்கள் ரொம்ப நாள் ஈதர்நெட்டை நம்பவில்லை. 1979இல் வந்த மாட்பஸ்ஸில் தலைவன் கேட்டால்தான் மற்றவர் பேச முடியும். 1986இல் பாஷ் அறிமுகப்படுத்திய கேன் பஸ்ஸில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் முக்கியமான செய்தி தடையில்லாமல் போகும், மற்றது ஒதுங்கும். வாய்ப்புக்கு இடமே கிடையாது.

ஆனால் ஆபீஸ் உலகம் கோடிக்கணக்கில் வாங்கியதால் ஈதர்நெட் சிப் மலிவாகிக்கொண்டே போனது. மலிவானது எப்படியும் உள்ளே வரும். எங்கள் கேபினெட்டிலும் அப்படித்தான் வந்திருந்தது.

லைன் நின்ற நேரங்களைக் குறித்துவைத்துப் பார்த்தேன். ஆபீஸிலிருந்து யாரோ பெரிய ஃபைல்களை பேக்கப் எடுக்கும் நேரத்தோடு ஒத்துப்போனது. அப்போதுதான் கேப்சர் எஃபெக்ட் பற்றிப் படித்தேன். மோதலில் ஒருமுறை ஜெயித்த கணினியின் காத்திருப்புக் கணக்கு பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும்; தோற்றதின் கணக்கு ஏறியே நிற்கும். அடுத்த மோதலிலும் ஜெயித்ததே ஜெயிக்க வாய்ப்பு அதிகம். பேக்கப் எடுத்த கணினி பேசிக்கொண்டே இருந்தது. எங்கள் அட்டை வாசலில் நின்றது. 20 மில்லிவினாடிக்குள் செய்தி வராவிட்டால் மோட்டார் டிரைவ் பாதுகாப்புக்காக நின்றுவிடும். நின்றது.

தீர்வு புதிதல்ல. 1990இலேயே வினோத் பரத்வாஜ் இணைந்து தொடங்கிய கல்பனா என்ற நிறுவனம் ஈதர்நெட் ஸ்விட்சைக் கொண்டுவந்துவிட்டது. ஒவ்வொருவருக்கும் தனிப் பாதை. 1997இல் ஃபுல் டூப்ளெக்ஸும் தரமானபின் மோதலே இல்லை. மிஞ்சியது ஸ்விட்சுக்குள் வரிசையில் நிற்கும் நேரம். 2003இல் பெக்காஃப் கொண்டுவந்த ஈதர்கேட்டில் ஒரே செய்தி ரயில் மாதிரி எல்லா நிலையத்தையும் நிற்காமல் கடக்கும். ஓடும்போதே ஏற்றி இறக்கிக்கொள்வார்கள். இப்போது டிஎஸ்என் தரம், ரயில்வே கேட் போல, குறித்த நொடியில் மற்ற போக்குவரத்தை மூடி அவசரச் செய்தியை விடுகிறது. இன்று அடுக்கு அட்டை வாங்கப் போனால் இத்தனை வகையிலிருந்தும் தேர்ந்தெடுக்கலாம்.

நாங்கள் ஒரு ஸ்விட்சை மாட்டி, ஆபீஸைத் தனி வலைக்கு மாற்றினோம். லைன் அதன்பின் அப்படி நிற்கவில்லை. நான் எழுதிய அறிக்கையில் ‘நெட்வொர்க் தாமதம்’ என்று இருந்தது. மெமோவைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அது என் வேலை இல்லை என்று நினைத்திருந்தேன். கிளம்பும்போது அந்த அண்ணன் கேட்டார்: “அப்ப தப்பு என் மேல இல்லன்னு எழுதியாச்சா தம்பி?”

திரும்பப் போய் அந்த வரியையும் எழுதினேன்.