பிறவி இருதயக் குறைபாடு: அறுவை சிகிச்சையின் வரலாறு

கருவிலேயே இருதயத்தின் அறைகளோ பெரிய ரத்தக் குழாய்களோ பிசகி அமைந்த குழந்தைகளுக்குச் செய்யப்படுவது இந்த அறுவை சிகிச்சை. தமிழ்நாட்டில் இதன் முக்கியமான கட்டங்கள் சென்னைக்கு மேற்கே உள்ள நெமிலிச்சேரி வழியாகச் செல்லும் ரயில் பாதையை ஒட்டியே நிகழ்ந்தன. மேற்கே போனால் காட்பாடி, அங்கிருந்து வேலூர். கிழக்கே கொரட்டூருக்கு அருகில் முகப்பேர், அதைத் தாண்டிப் பெரம்பூர்.

நாலடி நடந்ததும் மூச்சிரைத்துக் குந்திக்கொள்ளும், உதடு நீலம் பாரிக்கும் குழந்தைகளுக்கு முதல் வழி 1944இல் பால்டிமோரில் பிறந்தது. கைக்குச் செல்லும் தமனியை நுரையீரல் தமனியோடு இணைத்தார் ஆல்ஃபிரட் பிளேலாக். யோசனை ஹெலன் டாசிக் உடையது. நாய்களிடம் செய்து பார்த்து முறையை உருவாக்கியவர் விவியன் தாமஸ். மருத்துவப் பட்டம் இல்லாத அந்தக் கறுப்பின உதவியாளரின் பங்கை உலகம் ஏற்கப் பல பத்தாண்டுகள் ஆயின. அது பெரும் அநீதி. 1954இல் மினசோட்டாவில் வால்டன் லில்லெஹை, பெரியவர் ஒருவரின் ரத்த ஓட்டத்தோடு குழந்தையின் ஓட்டத்தை இணைத்து, இருதயத்தைத் திறந்து குறையையே சரிசெய்தார்.

வேலூர் சி.எம்.சி.யில் 1949இல் ரீவ் பெட்ஸ் நெஞ்சறுவைத் துறையைத் தொடங்கினார். 1960களின் தொடக்கத்தில் அங்கே என். கோபிநாத் திறந்த இருதய அறுவையைச் செய்து காட்டினார். 1975இல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் கே. எம். செரியன் இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவையைச் செய்தார். அது பெரியவர்களின் அடைப்புக்கானது என்றாலும், குழந்தை இருதய அறுவையிலும் அவர் முன்னோடி. முகப்பேரில் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனின் இருதய மருத்துவமனையும், பிறகு ஃப்ரான்டியர் லைஃப்லைனும் அவர் முயற்சியால் எழுந்தவை. 2025இல் மறைந்தார்.

அதே 1975இல் பிரேசிலில் அடிப் ஜடேனே செய்தது இன்னும் நுட்பமானது. மகாதமனியும் நுரையீரல் தமனியும் இடம் மாறிப் பிறந்த குழந்தைக்கு இரண்டையும் வெட்டி மாற்றித் தைக்க வேண்டும். இருதயத்துக்கே ரத்தம் தரும் மெல்லிய குழாய்களையும் சுற்றியுள்ள சுவரோடு வட்டமாக வெட்டியெடுத்துப் புதிய இடத்தில் பொருத்த வேண்டும். சற்று முறுக்கிக்கொண்டாலும் இருதயம் நின்றுபோகலாம். பொதுவாக, பிறந்த சில வாரங்களுக்குள் செய்தாக வேண்டும். தாமதித்தால் இடது கீழறை குறைந்த அழுத்தத்துக்குப் பழகி வலுவிழந்துவிடும்.

அதனால் கத்தியைவிடக் காலமே இங்கே பெரிது. 2009இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் காப்பீட்டுத் திட்டம் ஏழைக் குடும்பங்களின் பணக்கவலையைப் பெருமளவு குறைத்தது. ஆனால் நீலம் எப்போதும் கண்ணுக்குத் தெரிவதில்லை. பிரசவ வார்டிலேயே சிசுவின் காலில் ஆக்சிஜன் அளவு பார்ப்பது எல்லா இடங்களிலும் வழக்கமாக வேண்டும். அறுவை முடிந்த பிள்ளைகளும் பெரியவர்களான பின் ஆண்டுதோறும் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும்; நீலக் குழந்தைகளாக இருந்து சரிசெய்யப்பட்டவர்களில் பலருக்கு நுரையீரல் வால்வு கசிந்து, பிற்காலத்தில் அதை மாற்ற நேர்கிறது.